சிகாகோவில் மூன்று நாள்: ஒரே ஒரு தெரு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிகாகோ நகரை மூன்று நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை நானும் என் மனைவியும் ஒன்றாக அமர்ந்து படித்தோம். எங்கள் மகள் அந்த நகருக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நேப்பர்வில் என்னும் ஊரில் குடும்பத்தோடு வசிப்பதால், நாங்கள் இதுவரை மூன்று முறை அங்கே போய் வந்திருக்கிறோம். கட்டுரையில் 22 இடங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. அவற்றில் எதுவும் பார்க்கத் தகாத இடம் அன்று. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் முறையாகப் போகிறவர்கள், அதிலும் அறுபது வயதைக் கடந்த பெற்றோர்கள், எந்த ஒன்றையும் உருப்படியாகப் பார்க்காமல் திரும்பிவிடுவார்களே என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தத் தவற்றை நாங்கள் செய்திருக்கிறோம்.

எங்கள் முதல் பயணம் 2014 ஜூன் மாதம். விமானம் இறங்கிய மூன்றாம் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. மருமகனுக்கு அன்றுதான் விடுமுறை என்பதால், காலை எட்டு மணிக்கே காரில் ஏறி நகருக்குப் புறப்பட்டோம். நகருக்குள் நுழையவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வண்டியை நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் போயிற்று. வில்லிஸ் கோபுரத்தின் மேல்தளத்துக்குச் செல்லும் வரிசையில் நின்றோம். மில்லேனியம் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டோம். நேவி பியர் என்னும் ஏரித்துறைக்குப் போனோம். மீன் காட்சியகத்துக்குள் நுழைந்து முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தோம். மாலையில் இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூவில் சாப்பிட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினோம். என் மனைவிக்கு முழங்கால் வீங்கி, அடுத்த நான்கு நாள் படி இறங்க முடியவில்லை. திருச்சிக்குத் திரும்பியபின் பக்கத்து வீட்டுக்காரர் சிகாகோ எப்படி இருந்தது என்று அக்கறையோடு கேட்டார். கட்டடங்கள் மிக உயரமாக இருக்கின்றன என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றிய பொறியாளன். ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்து அவ்வளவுதான் சொல்ல முடிந்தது என்பது எனக்கே வருத்தமாக இருந்தது.

2018 இல் மறுபடி போனபோது மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: எங்களைக் காரில் அழைத்துப் போக வேண்டாம், நகருக்குள்ளேயே இரண்டு இரவு தங்க ஓர் அறை எடுத்துக்கொடு. முதலில் அவளுக்கு அது வீண் செலவாகத் தோன்றியது. வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்பது பெற்ற பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்விதான். ஆனால் ஒரு நகரம் காலை ஆறு மணிக்கு எப்படி இருக்கிறது, மாலை அலுவலகம் முடிந்தபின் எப்படி அடங்குகிறது என்பதெல்லாம் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பகலில் வந்து போகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. களைத்தால் அரை மணி நேரத்தில் கட்டிலில் படுக்கலாம் என்ற நிம்மதியே வயதானவர்களை மேலும் இரண்டு மணி நேரம் நடக்க வைக்கிறது. விடுதி வாடகையைப் பார்க்கும்போது மட்டும், அதன்மேல் 17 விழுக்காட்டுக்குக் குறையாத வரி தனியாக ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். லூப் எனப்படும் மையப்பகுதி அலுவலகங்கள் நிறைந்த இடமாதலால், வாரக்கடைசியில் அங்கே சில விடுதிகளில் வாடகை குறைவதும் உண்டு.

நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா என்னும் புறநகர் ரயிலில் போனோம். விரைவு வண்டியானால் ஒரு மணி நேரத்துக்குள் யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. வாரக்கடைசியில் வண்டிகள் குறைவு என்பதால் கால அட்டவணையை முன்னதாகவே பார்த்துக்கொள்வது நல்லது. 1925 இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் பெரிய கூடத்தில், கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் இறங்க, நீண்ட மர இருக்கைகளில் கால் மணி நேரம் அமர்ந்திருந்தோம். காரில் வந்திருந்தால் இந்தக் கூடம் இருப்பதே தெரிந்திராது. நேராக விமான நிலையத்திலிருந்து நகருக்கு வருகிறவர்களுக்கு ஓ'ஹேரிலிருந்து நீலத் தடம் எனப்படும் ரயில் இருக்கிறது. அது இரவு பகல் எந்நேரமும் ஓடுகிறது, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் லூப் பகுதிக்கு வந்துவிடுகிறது. இரவு நெடுநேரம் கழித்து ஆளற்ற பெட்டியில் ஏற வேண்டாம் என்று மகள் சொன்னதை நாங்கள் கடைப்பிடித்தோம். பகலில் அந்த ரயில்களில் எங்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

அடுத்து, நேர மாற்றம். இதைத்தான் பயணக் கட்டுரைகள் ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன. கோடையில் சிகாகோ நம் நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால் நம் உடம்புக்கு இரவு பத்தரை. ஆகையால் முதல் வாரத்தில் பிற்பகல் எப்படியும் கண் சொக்கும். விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். முதல் பயணத்தில் இதோடு மல்லுக்கட்டினோம். இரண்டாம் பயணத்தில் அதையே திட்டத்துக்கு அச்சாணியாக வைத்துக்கொண்டோம். ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தே கால் மணிவாக்கில் சூரியன் உதிக்கிறது. ஏரி நகருக்குக் கிழக்கே இருப்பதால், நம் கடற்கரையில் போலவே தண்ணீரிலிருந்துதான் கதிரவன் எழுகிறது. மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மறுகரை கண்ணுக்குத் தெரியாது. உப்பு வாடையற்ற ஒரு கடலின் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. ஐந்து மணிக்குக் கரையோரத்தில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தைவிடப் பெரிதாக அந்த ஊரில் நாங்கள் எதையும் பார்த்துவிடவில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை. பகல் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தோம். மாலை ஐந்து மணிக்கு மறுபடி இறங்கினோம். கோடையில் எட்டரை மணி வரை பகல் வெளிச்சம் இருக்கும்போது இதில் இழப்பு ஏதுமில்லை.

இடங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சிகாகோவின் முகவரி முறை ஒரு பொறியாளனுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் நகருக்குப் பூச்சியம். அங்கிருந்து நான்கு திசையிலும் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. வடக்கிலும் மேற்கிலும் 800 எண்ணுக்கு ஒரு மைல் என்று கணக்கு. 1909 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. ஒரு முகவரியைப் பார்த்தவுடனே அது எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்; ஏரி எப்போதும் கிழக்கே இருப்பதால் திசை தவறுவதும் அரிது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டபின் அந்த 22 இடங்களின் முகவரிகளையும் எழுதிப் பார்த்தால், முதல் முறை போகிறவருக்கு வேண்டிய பெரும்பாலானவை மிச்சிகன் அவென்யூ என்ற ஒரே தெருவில், அல்லது அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், வரிசையாக அமைந்திருப்பது தெரியவரும். தெற்கு 111 ஆம் எண்ணில் கலைக்கூடம். அதற்கு வடக்கே மில்லேனியம் பூங்கா. எதிரே பழைய நூலகக் கட்டடமான பண்பாட்டு மையம். பிறகு ஆறும் பாலமும். வடக்கு 806 இல் பழைய தண்ணீர்க் கோபுரம். 875 இல் நூறு மாடிக் கட்டடம். கலைக்கூடத்திலிருந்து அந்த நூறு மாடிக் கட்டடம் வரை இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். இந்த ஒரு தெருவை மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டோம். நடக்க முடியாதபோது அதே தெருவில் ஓடும் பேருந்தில் ஏறினோம். அங்குள்ள பேருந்துகள் நிறுத்தத்தில் நின்றதும் வாசல் பக்கம் தாழ்ந்து கொடுக்கின்றன, முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

தெருவைத் தேர்ந்ததுபோலவே, அந்த ஊரிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வியையும் தேர்ந்துகொண்டு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் வாழ்நாள் முழுவதும் தண்ணீரோடு வேலை செய்தவன். ஆகவே, சேற்று நிலத்தில் எழுந்த இந்த நகரம் தன் குடிநீரையும் கழிவுநீரையும் எப்படிப் பிரித்தது என்பதே என் கேள்வியாக இருந்தது. அதற்கான விடை முழுவதும் அந்தத் தெருவிலேயே கிடக்கிறது.

1850களில் சிகாகோவின் தரை ஏரி மட்டத்துக்குச் சற்றே உயர்ந்திருந்ததால், கழிவுநீர் ஓடுவதற்குச் சரிவு கிடைக்கவில்லை. காலரா திரும்பத் திரும்ப வந்தது. எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளர், பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்க முடியாத இடத்தில் குழாயைத் தெருவின் மேலேயே பதித்து, அதன்மேல் மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்திவிடலாம் என்று திட்டம் கொடுத்தார். தெரு உயர்ந்ததால் கட்டடங்களும் உயர வேண்டியதாயிற்று. செங்கல் கட்டடங்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் திருகி, சிறிது சிறிதாகத் தூக்கி நிறுத்தினார்கள். உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே தூக்கப்பட்ட கட்டடங்களும் உண்டு. ஆனால் குழாயில் ஓடிய கழிவு ஆற்றில் கலந்தது, ஆறு ஏரியில் கலந்தது, ஏரிதான் குடிநீர். எனவே அதே செஸ்ப்ரோ ஏரியின் அடியில் இரண்டு மைல் தூரத்துக்குச் சுரங்கம் வெட்டி, கரையிலிருந்து விலகிய தூய நீரைக் கொண்டுவந்தார். 1867 இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்த நீரை இறைக்கும் நிலையத்தின் அழுத்த அதிர்வைத் தணிக்க ஒரு நிற்குழாய் தேவைப்பட்டது. அதை மறைத்துக் கட்டப்பட்டதே 1869 இல் முடிந்த தண்ணீர்க் கோபுரம். மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் கோட்டைபோல் எழுப்பப்பட்ட அந்தக் கோபுரம், 1871 அக்டோபரில் ஏறத்தாழ 17,000 கட்டடங்களை எரித்துச் சுமார் ஒரு லட்சம் பேரை வீடற்றவர்களாக்கிய பெருந்தீயில் தப்பி நின்ற சிலவற்றுள் ஒன்று. எதிரிலுள்ள நீரேற்று நிலையம் இன்றும் வேலை செய்கிறது. முதல் பயணத்தில் இந்தக் கோபுரத்தைக் காரில் கடந்தபோது ஏதோ பழைய தேவாலயம் என்று நினைத்திருந்தேன்.

சுரங்கமும் போதவில்லை. கடைசியில் 45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் சிகாகோ ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் பாய்ந்துகொண்டிருந்த ஆறு, ஏரியிலிருந்து புறப்பட்டு மிசிசிப்பியை நோக்கி ஓடத் தொடங்கியது. கழிவு தங்கள் பக்கம் வருகிறதென்று கீழ்ப்பகுதியிலுள்ள மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்ததும், 1906 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியதும், மாநிலங்களுக்கிடையே தண்ணீர் வழக்கு என்றால் என்னவென்று தெரிந்த காவிரிக் கரைக்காரனாகிய எனக்கு அங்கே நிற்கும்போது நினைவில் அழுத்தின. ஒரு நகரின் நலம் இன்னொரு நகரின் தலையில் இறங்குவதை என்னால் முழு மனத்தோடு பாராட்ட முடியவில்லை. அந்தப் பொறியியலின் துணிச்சலைப் பாராட்டாமலும் இருக்க முடியவில்லை. ஆற்றில் ஒன்றரை மணி நேரம் படகில் அழைத்துப்போய்க் கட்டடக்கலையை விளக்கும் பயணங்களுள் ஒன்றில் சென்றோம். மூன்று நாளில் ஒரே ஒரு கட்டணக் காட்சிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது இந்தப் படகாகவே இருக்கட்டும். உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் வயதானவர்களுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. மேல்தளம் திறந்திருப்பதால் தொப்பியும், ஜூனில்கூட ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும் வேண்டும். ஏரிக்காற்று திடீரென்று குளிர்ந்துவிடும். படகு கடந்த பாலங்களில் பெரும்பாலானவை இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கிக்கொள்ளும் வகையின. மிச்சிகன் அவென்யூவிலுள்ள 1920 ஆம் ஆண்டின் இரட்டை அடுக்குப் பாலமும் அப்படித்தான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குறிப்பிட்ட சில நாள் காலையில் பாய்மரப் படகுகளுக்காக அவை வரிசையாகத் திறக்கப்படுகின்றன.

என் மனைவிக்குத் தண்ணீரில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவள் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். அவளுக்காக ஒரு காலைப்பொழுது முழுவதையும் கலைக்கூடத்துக்கு ஒதுக்கினோம். அங்கே ஓர் அறையில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சோராவின் ஆற்றங்கரை ஞாயிற்றுக்கிழமை ஓவியம் இருக்கிறது. 1884 முதல் 1886 வரை வரையப்பட்டது, இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்டது, முழுவதும் சிறுசிறு வண்ணப் புள்ளிகளால் ஆனது. அருகில் போய்ப் புள்ளிகளையும் தள்ளி நின்று உருவங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அவள் நாற்பது நிமிடம் அங்கேயே நின்றாள். மார்கழி முழுவதும் வாசலில் புள்ளி வைத்தவளுக்கு அதில் என்ன தெரிந்தது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அவளை அவசரப்படுத்தாமல் இருந்தேன் என்பதில் எனக்கு மனநிறைவு. அதே கலைக்கூடத்தின் இந்தியப் பகுதியில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த சோழர் காலத்துக் கருங்கல் புத்தர், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், தியானத்தில் அமர்ந்திருக்கிறார். நம் கடற்கரையில் புத்த விகாரங்கள் இருந்த காலத்தின் சாட்சியை அவ்வளவு தொலைவில் கண்டபோது பெருமையும் வேதனையும் ஒருங்கே எழுந்தன. கட்டுரையில் கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அந்தக் கட்டடத்தைச் சொல்லும்போது, 1893 செப்டம்பர் 11 அன்று சுவாமி விவேகானந்தர் சர்வசமயப் பேரவையில் பேசியது அங்கேதான் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டும். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று சேர்த்த பணத்தின் துணையோடு அவர் கப்பலேறினார். ஆனால் ஜூலை இறுதியிலேயே சிகாகோ போய்ச் சேர்ந்துவிட்டார். பேரவை கூடுவது செப்டம்பரில்தான் என்பதும், அறிமுகச் சான்று வேண்டும் என்பதும் போனபிறகே தெரியவந்தன. கையிலிருந்த பணம் கரைய, செலவு குறைவான பாஸ்டனுக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் கொடுத்த அறிமுகக் கடிதத்தால்தான் மேடை கிடைத்தது. தேதியையும் தாள்களையும் முன்கூட்டியே சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் பயணமே காட்டுகிறது. அவருக்குத் தகவல் கிடைக்க வழியில்லை. நமக்கு எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது. கலைக்கூடம் உட்படச் சில காட்சியகங்கள் வார நடுவில் மூடியிருக்கும் என்பதையும், அங்கே அறிவிக்கப்படும் இலவச நாள்கள் பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்பதையும் புறப்படுமுன் பார்த்துக்கொண்டால், வாசல்வரை போய்த் திரும்பும் ஏமாற்றம் மிஞ்சாது.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்க இரண்டு கட்டடங்கள் உண்டு, ஒன்று போதும். 1969 இல் கட்டி முடிக்கப்பட்ட நூறு மாடிக் கட்டடம், 1973 இல் 110 மாடியாக எழுந்து முன்பு சியர்ஸ் என்று அழைக்கப்பட்ட வில்லிஸ் கோபுரம் ஆகிய இரண்டுக்கும் கட்டமைப்பை வகுத்தவர் டாக்கா பகுதியில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஏரிக்கரையின் வளைவு முழுவதும் தெரிவதால் நான் முன்னதையே சொல்வேன். மில்லேனியம் பூங்கா 2004 இல் திறக்கப்பட்டது. ரயில் தடங்களுக்கு மேலே அமைந்த அந்தப் பூங்காவில், மும்பையில் பிறந்த அனீஷ் கபூர் செய்த, எஃகுத் தகடுகளைத் தையல் தெரியாமல் இணைத்த அவரைவிதை வடிவச் சிற்பத்தைக் காலை ஆறு மணிக்குப் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். நாங்கள் அங்கேயே ஒரு மர நிழலில் மகள் கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம். எதிரிலுள்ள பண்பாட்டு மையத்தில் நுழைவு இலவசம். உட்கார இடம், கழிப்பறை, குடிநீர் எல்லாம் உண்டு, தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் குவிமாடமும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குக் கழிப்பறை இருக்கும் இடம் தெரிவது, கோபுரத்தின் உயரம் தெரிவதைவிட முக்கியம்.

செலவு, தாள்கள் பற்றிச் சுருக்கமாகச் சில. கடையில் எழுதியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடும். அமர்ந்து சாப்பிடும் உணவகத்தில் பரிமாறுபவருக்கு 18 முதல் 20 விழுக்காடு கொடுப்பது வழக்கம். அது அவர்கள் ஊதியத்தின் பகுதி என்பதால் அதில் கைச்சுருக்கம் காட்டக் கூடாது. பையில் கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு போக வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை இருக்கிறது. எது இருந்தாலும் சுங்கச் சோதனையில் மறைக்காமல் சொல்லிவிடுவதே சரி. மாத்திரைகளை அவற்றின் அட்டைகளோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துச் செல்ல வேண்டும். பயண மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எந்த அளவுக்குப் பணம் கிடைக்கும் என்ற பகுதியைப் பிள்ளைகள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். எங்களுக்கு முதல் முறை காப்பீடு எடுத்துக்கொடுத்த முகவர் அதைச் சொல்லவே இல்லை. மே இறுதி முதல் செப்டம்பர் வரை போகலாம். ஜனவரி, பிப்ரவரியில் பெற்றோரை முதல் முறையாக அழைப்பவர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். அந்த மாதங்களில் நடந்து பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எதையெல்லாம் விட்டோம் என்று கேட்பார்கள். மீன் காட்சியகம், நேவி பியர், டெவன் அவென்யூ மூன்றையும் விட்டோம். அரோராவில் 1986 முதல் இருக்கும் பாலாஜி கோயிலுக்கும் லெமாண்ட் கோயிலுக்கும் மகள் வீட்டிலிருந்து வேறு நாளில் போனோம். அவை நகருக்கு வெளியே இருப்பவை, மூன்று நாள் கணக்கில் அவற்றைச் சேர்ப்பது சரியல்ல. நகரின் தெற்கே ஹைட் பார்க்கிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தையும் அந்த முறை விட்டோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1937 முதல் வாழ்நாள் இறுதிவரை அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1983 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் நடந்த வளாகம் அது. இயற்பியல் ஆசிரியரான என் நண்பர் ஒருவர் சென்றபோது, நான் தண்ணீரை வைத்துத் திட்டமிட்டதுபோல அவர் சந்திரசேகரை வைத்துத் திட்டமிட்டார். மிச்சிகன் அவென்யூவில் அரை நாள் மட்டும் செலவிட்டு, மீதி நாளெல்லாம் ஹைட் பார்க்கில் இருந்தார். அவர் பார்த்ததும் சிகாகோதான், நான் பார்த்ததும் சிகாகோதான். இருவருக்கும் திரும்பி வந்தபின் சொல்வதற்கு நிறைய இருந்தது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியூர்ப் பயணம் பற்றித் தாங்கள் வெளியிடும் பக்கத்தில் இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படிகள், எங்கே உட்காரலாம், எந்தக் கிழமை மூடியிருக்கும், கழிப்பறை எங்கே என்ற விவரங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்கள் தங்கள் வாசகர்களில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு அது ஒரே பயணமாகவும் இருக்கக்கூடும். அடுத்த கோடையில் என் தங்கையும் அவள் கணவரும் முதல் முறையாகப் போகிறார்கள். தங்கள் கட்டுரையை அவர்கள் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். அதில் மிச்சிகன் அவென்யூவில் உள்ளவற்றை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கடைசி நாள் பிற்பகலை வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்,
திருவரங்கம், திருச்சிராப்பள்ளி.